என்ஜின் மூடியின் நான்கு மூலைகள்

பேருந்தில் ஓட்டுநருக்குப் பக்கத்தில், கூட்டம் அதிகமானால் நாம் ஏறி உட்காருவோமே, அந்த என்ஜின் மூடியைத்தான் கிறிஸ்துராஜ் வரைந்திருந்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டை, 1987. அவன் வேலை பார்த்த கண்ணாடி நார் (ஃபைபர் கிளாஸ்) பட்டறையில் படம் மாடியில் பிறக்கும். பொருள் கீழே பிறக்கும். மாடிக்காரர் கீழே இறங்குவது மாப்பிள்ளை சமையற்கட்டில் பாத்திரம் தேய்ப்பது மாதிரி. நடக்காது.

தகரத்துக்கு வரைந்து பழகிய கை அவனுடையது. பக்கமெல்லாம் செங்குத்து, மூலையெல்லாம் கத்தி. எறும்பு ஏறினால் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொள்ளும்.

மாதிரியைப் பார்க்க வெள்ளிக்கிழமை பேருந்துக் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார். தேறாவிட்டால் ஆர்டரும் இல்லை, உன் வேலையும் இல்லை என்று முதலாளி ஜானகிராமன் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

புதன்கிழமை, அச்சுக்குள் பிசினில் இறுகிய மூடி வெளியே வர மறுத்தது. ஆப்பு அடித்தார்கள், நாலு பேர் தொங்கினார்கள். ஆவடி ரயிலைக் கட்டி இழுத்திருந்தால் ரயில்தான் இரண்டாகியிருக்கும். கடைசியில் நான்கு மூலையும் பிளந்துகொண்டு வந்தது.

கிறிஸ்துராஜ் முதல் தடவையாகப் படி இறங்கினான். நார் விரித்துப் பிசின் பூசும் பூங்காவனத்திடம், வேலை சரியில்லை என்று ஆரம்பித்தான். அவள் பிசின் உருளையை அவன் கையில் கொடுத்து, ஒரு மூலையைப் பூசச் சொன்னாள்.

அழுத்தினால் நார் படுத்தது. கையை எடுத்தால் எழுந்து உட்கார்ந்தது. அடியில் காற்று. தகரம் தகரமாகவே வந்து மடங்குகிறது. இதுவோ இந்த அச்சில்தான் பொருளாகவே ஆகிறது. அப்படியானால் மாடியில் உட்கார்ந்து இத்தனை நாள் எதை வரைந்தோம் என்று அவனுக்குத் தோன்றியது.

"இன்னா சார், குந்த மாட்டேங்குதா?" என்றாள்.

"எவ்ளோ வளைவு இருந்தா குந்தும்?"

கட்டைவிரலை மூலையில் வைத்துக் காட்டினாள். "இத்தினி. செவுரும் பக்கெட்டு மாதிரி வாய்ப்பக்கம் அகலமா இருக்கணும். தானா கழண்டுக்கும்."

அச்சின் மூலைகளை வளைத்து, உட்சுவரில் அடிப்பக்கம் தடிப்பாகவும் வாய்ப்பக்கம் மெலிதாகவும் பட்டி பூசினால் போதும். ஆனால் மூடி உள்ளே குறுகிவிடுமே? என்ஜினுக்கு இடம் இருக்குமா? தரையிலேயே குந்திக் கணக்குப் போட்டான். இரண்டு விரல் மிச்சம் இருந்தது.

வியாழக்கிழமை, திருத்திய அச்சில் பூங்காவனம் மறுபடி நார் விரித்தாள். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு தட்டு. மூடி வந்துவிட்டது. வந்த மனிதர் அதன்மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எழுந்திருக்கவே மனமில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

புதுப் படத்தில் 'சரிபார்த்தவர்' கட்டத்தைக் காட்டி, பூங்காவனத்தையும் கையெழுத்துப் போடச் சொன்னான் கிறிஸ்துராஜ்.

"நாளைக்கு அச்சுல ஒட்டிக்கினா என்னைப் புடிக்கிறதுக்கா? வேற ஆளப் பாரு சார்."

அடுத்த வேலைக்கு அவன் வெறும் தாளோடு கீழே இறங்கினான்.