ஊருன்னா அது ஊரு

மாமனார் வந்து இறங்கினால் முதலில் செருப்பைக் கழற்றுவார். அடுத்து ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொள்வார். அப்புறம் ஜன்னலருகே போய் நின்று வெளியே பார்த்து ஒரு உச்சுக்கொட்டுவார். அதற்குப் பிறகு என்ன வரும் என்பது இளையவளுக்கு மனப்பாடம்.

"அங்க இந்நேரம் வெயில் சுள்ளுன்னு அடிக்கும். ஊருன்னா அது ஊரு."

'அங்க' என்றால் கடலோரம். அவருடைய பெரிய மகனும் மூத்த மருமகளும் அங்கே இருந்தார்கள். சின்ன மகனும் இளையவளும் இருந்தது மலைப்பக்கம். தேசம் ஒன்றுதான், நடுவில் ஓர் இரவு பஸ் பயணம். பிழைக்க வந்த புதிதில் பெரியவனுக்குக் கடலோரத்தில் வேலை கிடைத்தது. சின்னவனுக்கு மலைப்பக்கத்தில் நண்பனுக்கு நண்பன் ஒருத்தன் வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. இவ்வளவுதான் காரணம். வரைபடத்தை விரித்து வைத்து எந்தப் பக்கம் நல்லது என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. யோசிக்காமல் செய்த காரியமாயிற்றே, பின்னால் ஆற அமர உட்கார்ந்து சந்தேகப்பட நிறைய இடம் இருந்தது.

மாமியார் போன பிறகு இரண்டு மகன்களும் சேர்ந்து அப்பாவை அழைத்துக்கொண்டார்கள். ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று பேச்சு.

மாமனாரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். குடித்த டம்ளரைத் தானே கழுவி வைப்பார், டிவி ரிமோட்டுக்கு அடித்துக்கொள்ள மாட்டார். ஒரே ஒரு வியாதிதான் அவருக்கு. அங்கே சோறு இரண்டு விசிலில் வெந்துவிடும், இங்கே நாலு விசில் வைத்தாலும் முறைத்துக்கொண்டு நிற்கிறது என்பார். அங்கே தக்காளி தக்காளி மாதிரி புளிக்கும், இங்கே சிவப்பாக இருப்பதோடு அதன் கடமை முடிந்தது. அங்கே முடிவெட்டுகிறவன் காதோரம் பார்த்துப் பார்த்து வெட்டுவான், இங்கே வெட்டுகிறவனுக்கு எப்போதும் வீட்டில் ஏதோ அவசரம். ஒரு நாள், அங்கே மழைகூடச் சொல்லிவிட்டுத்தான் பெய்யும் என்றார். இளையவள் அடுப்படியில் நின்று, யாரிடம் சொல்லிவிட்டு என்று கேட்க நினைத்து, அதற்குப் பதில் குக்கரை மூடினாள்.

அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்துவிடுவாள். சின்னவன் போட்டுக்கொண்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் மேலும் கீழும் போய்வருகிறவனுக்குப் பக்கவாட்டில் போக ஆசை வந்துவிட்டது. முதலில் தக்காளியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தான். பிறகு போனில் கடலோரத்து வெயிலைப் பார்த்தான், வாடகையைப் பார்த்தான். கடைசியில், கம்பெனிக்கு அங்கே ஒரு கிளை இருக்கிறது, மாற்றல் கேட்டால் தருவார்கள், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று வந்து நின்றான். ஞாயிறு சாயங்காலம் இந்த வீட்டைப் பார்த்து விலை பேசத் தரகர் வருவதாகவும் ஏற்பாடாகியிருந்தது. தப்பான பக்கம் வந்து இத்தனை வருஷத்தை வீணாக்கிவிட்டோமோ என்று சோற்றைப் பிசைந்தபடி அவன் கேட்டபோது, இளையவள் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

ஏனென்றால் அவளுக்கு இந்த ஊரில் ஒரு மேசை கிடைக்கப்போகிறது. பல் செட் தயாரிக்கிற லேப் ஒன்றில் அவள் வேலை பார்த்தாள். வந்த நாளிலிருந்து உள்பக்கம் தூசி பறக்கிற மூலையில், மற்றவர்கள் செய்த செட்டைத் தேய்த்து மெருகேற்றுகிற வேலை. ஜன்னலோரத்து மேசைதான் அங்கே பெரிய மேசை. அதில் உட்காருகிறவர்தான் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பல்லுக்கு நிறம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அந்த மேசைக்காரர் ஓய்வு பெறுகிறார், அடுத்த மாதத்திலிருந்து நீ உட்கார் என்று முதலாளியம்மா சொல்லியிருந்தாள். கடலோரம் போனால் மறுபடியும் ஏதோ ஒரு மூலையிலிருந்து தொடங்க வேண்டும். இதைச் சின்னவனிடம் சொன்னாள். அங்கேயும் மனிதர்களுக்குப் பல் விழத்தானே செய்யும் என்றான் அவன்.

இந்த ஊர்தான் சரி என்று அடித்துப் பேச அவளுக்கும் நம்பிக்கை இல்லை, அதுதான் உண்மை. துவைத்த துணி மூன்று நாளாக ஈரம் போகாமல் தொங்கும்போது அவளும் கடலோரத்தை நினைத்தவள்தான். மூத்தவளைக் கூப்பிட்டு அங்கே நிஜமாக எப்படி என்று கேட்டிருக்கலாம். ஆனால் பிறந்தநாளைக்கு ஒரு வாழ்த்து என்பதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. நாள் தவறாமல் ஒருத்தியின் வீட்டுப் பெருமையைக் கேட்டுவிட்டு அவளுக்கே போன் போட்டுக் குசலம் விசாரிக்க யாருக்கு மனசு வரும்?

இப்படி இருக்கும்போது, தரகர் வருவதற்கு நாலு நாள் முன்னால், மாமனாரின் பல் செட் உடைந்தது. வாஷ்பேசினில் கழுவும்போது கை நழுவி விழுந்து, மேல் செட் நடுவில் விரிசல்விட்டு இரண்டாகப் போனது. மாமனாருக்குப் பல் இல்லாத வாயை யாரும் பார்க்கக் கூடாது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, ஜாடை காட்டி, துண்டுகளை மருமகளிடம் ஒப்படைத்தார்.

இரண்டையும் ஒட்டவைத்து, பின்புறம் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுத்து, விரிசலை ராவி, ஈறு நிறப் பசையை நிரப்பி இறுக வைத்தால் தீர்ந்தது. ஒரு மதியத்து வேலை. நாலு நாள் ஆகும் என்றாள் இளையவள்.

அவள் வேண்டுமென்றே சொல்லவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. வீட்டில் அப்படி ஒரு அமைதி வந்துவிட்டது. மாமனார் ஜன்னலில் நின்று உச்சுக்கொட்டக்கூட முடியவில்லை, அதற்கும் பல் வேண்டியிருந்தது. அன்றைக்குச் சின்னவன் தக்காளியைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தான்.

மறுநாள் லேபில் அவள் செட்டைச் சரிசெய்து மெருகேற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மூத்தவள்.

மாமா பல் உடைந்துவிட்டதாமே என்று விசாரித்தாள். பல்தான் உடைந்தது, அவர் நன்றாக இருக்கிறார் என்றாள் இளையவள். அதோடு வைத்துவிட வேண்டிய போன். மூத்தவள் வைக்கவில்லை. கொஞ்சம் இழுத்து, "உங்க ஊர்ல வாடகை எல்லாம் எப்படி?" என்றாள்.

"எதுக்குக்கா?"

"இவரு அங்க வந்துடணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. எல்லாம் மாமா பண்ண வேலை. இங்க இருந்த ஆறு மாசமும் உங்க ஊர் புராணம்தான். ஊருன்னா அது ஊருன்னு."

இளையவளின் கையிலிருந்த செட் இன்னொரு தடவை உடையப் பார்த்தது.

அப்படி என்னதான் சொல்வார் என்று கேட்டாள். மூத்தவள் கொட்டித் தீர்த்தாள். அங்கே குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரின் குளிர்ச்சியே தனியாம். சோறு நிதானமாக வேகுமாம், அதனால் ஒன்றோடொன்று ஒட்டாதாம். அங்கே இருக்கிற லிஃப்ட் எல்லாம் சின்னவன் கை பட்டதாம், தெருவில் போனால் கட்டடத்துக்குக் கட்டடம் வாட்ச்மேன் எழுந்து நின்று வணக்கம் வைப்பானாம். சாயங்காலம் மலை மேலிருந்து ஒரு வெளிச்சம் வருமாம், அந்த வெளிச்சத்தில்தான் சின்ன மருமகள் பல்லுக்கு நிறம் பார்ப்பாளாம், இந்தக் கடலோரத்து வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாப் பல்லும் ஒன்றுதானாம். அவள் வேலை முடிந்து வந்து வாசலில் ஷூவைத் தட்டுகிற சத்தம் கேட்டால் வீட்டுக்கே உயிர் வருமாம்.

இளையவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இப்படி ஓர் ஊர் இருந்தால் இன்றைக்கே மூட்டை கட்டலாமே என்று ஒரு நிமிஷம் மனசு பறந்தது. அப்புறம்தான் அது தான் இருக்கிற ஊர் என்று உறைத்தது. நிறம் பார்க்கிற மேசைக்கு இன்னும் வராதவளை அவர் அங்கே உட்கார வைத்தே பேசியிருக்கிறார்.

பிறகு அவள் முறை. கடலோரத்து வெயில், இரண்டு விசில், முடிவெட்டுகிறவன், சொல்லிவிட்டுப் பெய்கிற மழை எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

"எங்க தக்காளியையா சொன்னாரு?" என்று கடைசியில் மூத்தவள் கேட்டாள். "ஒரு நாள்கூட அதைத் தொட்டது இல்லையே."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முதலாளியம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, தரகர் வருவதற்குச் சற்று முன்னால், சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து வீடியோவில் கூப்பிட்டாள் இளையவள். அந்தப் பக்கம் பெரியவனும் மூத்தவளும். இந்தப் பக்கம் சின்னவன், துண்டோடு மாமனார். செட் தயாராகி, டப்பாவுக்குள் அவள் கைப்பையில் இருந்தது.

அவர் இங்கேயும் அங்கேயும் சொன்னதையெல்லாம் மருமகள்கள் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். மாமனார் முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு கை நீட்டிப் பல்லைக் கேட்டார்.

"இன்னும் காயல மாமா," என்றாள் இளையவள்.

வாட்ச்மேன் வணக்கம் வைக்கிற இடம் வந்தபோது சின்னவன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். எந்த வாட்ச்மேனும் அவனுக்கு வணக்கம் வைத்ததில்லை.

"டேய், அடுத்த மாசம் நான் அங்க வர்றதா ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்டா," என்றான் பெரியவன்.

தானும் அங்கே வருவதாக நாளைக்குக் கம்பெனியில் சொல்ல இருந்ததைத் தம்பி சொன்னான். விட்டிருந்தால் இரண்டு குடும்பமும் ஒரே இரவில், எதிரெதிர் பஸ்ஸில், வாயைப் பிளந்து தூங்கியபடி ஒன்றையொன்று கடந்து போயிருக்கும்.

இதோடு முடிந்தது என்று இளையவள் நினைத்தாள். முடியவில்லை. பெரியவன் யோசித்துவிட்டு, இதற்கு ஒரே வழிதான், எல்லாரும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துவிடுவோம், அப்பாவும் அலைய வேண்டாம் என்றான். சின்னவன் தலையாட்டினான். எந்த ஊர் என்று அப்பாவே சொல்லட்டும் என்றான் பெரியவன்.

திரியைக் கொளுத்தியவள் இளையவள்தான், இப்போது அது அவள் காலடியில் வந்து நின்றது. ஜன்னலோரத்து மேசை போயும் போயும் பல் இல்லாத ஒரு வாயில் மாட்டிக்கொண்டது. மூத்தவளின் முகமும் அந்தப் பக்கம் வெளிறியது.

மாமனார் துண்டை எடுத்தார்.

"தெழியழ," என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பல் இல்லாமல் அவர் சொன்னதைப் பல்லோடு எழுதினால் இப்படி வரும்.

"தெரியல. எந்த ஊர்ல இருந்தாலும் தப்பான பஸ்ல ஏறிட்ட மாதிரியே இருக்கு. விட்டுட்டு வந்தப்புறம்தான் அது நல்ல ஊருன்னு தோணுது. உங்களுக்காவது வேலை வெட்டின்னு ஒரு காரணம் இருக்கு. நான் உங்க பின்னால வந்தவன். இன்னொண்ணும் இருக்கு. இங்க நல்லா இருக்குன்னு சொன்னா, அப்ப அங்கேயே இருக்கட்டும்னு மத்தவன் விட்டுடுவானோன்னு பயம்."

சொல்லிவிட்டு மறுபடியும் துண்டைப் பொத்திக்கொண்டார். போனில் பெரியவன் மூக்கை உறிஞ்சினான். சின்னவன் தரையைப் பார்த்தபடி இருந்தான். இளையவளுக்கு அழுகையும் வெட்கமும் சேர்ந்து வந்தன. இத்தனை மாதமும், இந்த வீட்டில் ஊரைப் பற்றிச் சந்தேகம் தனக்கும் புருஷனுக்கும் மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். மூன்றாவது ஆளின் சந்தேகத்தைப் பல்லோடு சேர்த்து டப்பாவில் போட்டு மூடிவைத்திருந்தது அவள்தான்.

காலிங் பெல் அடித்தது. தரகர். அவள் எழுவதற்குள் சின்னவன் போனான். வாசலில் அவன் பேசுவது கேட்டது.

"மன்னிச்சுக்குங்க சார், வீடு குடுக்கல. வீட்டுக்காரிக்கு இங்க வேலை இருக்கு. நிறம் பார்க்கிற வேலை. அந்த வெளிச்சம் அங்க கிடைக்காதாம்."

தரகருக்கு என்ன புரிந்திருக்குமோ. அவன் உள்ளே வந்து அவள் முகத்தைப் பார்க்காமல் போய்த் தண்ணீர் குடித்தான். அவளும் கைப்பையைத் திறந்து டப்பாவை மாமனாரிடம் நீட்டினாள்.

அவர் டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு திரும்பி உட்கார்ந்து மாட்டிக்கொண்டார்.

"காஞ்சிடுச்சா?"

"இப்பத்தான் மாமா."

"பொழைச்சுக்குவ," என்றார் மாமனார், அட்சர சுத்தமாக. அப்புறம் காபியை ஒரு வாய் குடித்து, ரொம்ப யோசித்து, காபி மட்டும் இங்கேதான் நன்றாக இருக்கிறது என்றார்.

"அப்பா, நான் இன்னும் லைன்லதான் இருக்கேன்," என்றான் பெரியவன் போனிலிருந்து.

பெரியவனும் ஆபீஸில் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிட்டான். ஆறு மாதம் முடிந்து அவரை பஸ் ஏற்றிவிடப் போனபோது, ஜன்னல் வழியாக இளையவள் அவரிடம் மெதுவாக ஒன்று கேட்டுக்கொண்டாள். அங்கே போனதும் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல மறந்துவிடாதீர்கள் என்று. வழக்கம் போலத்தான் சொல்வேன், என்ன பெரிசாகச் சொல்லப்போகிறேன் என்று அவர் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் அவள் ஜன்னலோரத்து மேசையில் யாருடைய பல்லையோ வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு அதில் நிற்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அக்கா, ஆரம்பிச்சிட்டாரா?"

"செருப்பைக் கழட்டினதுமே. சொல்லவா?"

"சொல்லுங்கக்கா," என்று இளையவள் நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.