மூன்றாவது மாடியில் மழை

தல்லாகுளத்தில் ஒரு அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் குடியிருந்தான் முத்துக்குமரன். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் அதிகாரி. மனைவி தாமரைச்செல்வி பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். ஒரே மகள் கவின்மொழி கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதும் அவளுடைய அறை காலியாயிற்று. கட்டிலைப் பிரித்துப் பரண்மேல் ஏற்றிய அன்றைக்கே அந்த அறையைத் தன் ஸ்பீக்கர்களுக்கென்று எடுத்துக்கொண்டான் முத்துக்குமரன்.

அவனுக்குப் பாட்டுப் பைத்தியம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது முழுக்கச் சரியில்லை. பாட்டு எப்படிக் கேட்கிறது என்பதில்தான் அவனுக்குப் பைத்தியம். புதிதாக ஒரு ஹெட்போன், புதிதாக ஒரு ஆம்ப்ளிஃபையர் என்று எது வந்தாலும் ஊரில் முதலில் அட்டைப்பெட்டியைப் பிரிப்பவன் அவனாகத்தான் இருப்பான். பிரித்ததும் வாட்ஸப்பில் ‘மதுரை ஒலிக்கூட்டம்’ என்ற குழுவில் பக்கம் பக்கமாக எழுதுவான். குழுவில் முப்பது நாற்பது பேர். எல்லாம் அவனைப் போன்ற காதுகள்.

தை மாதம் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வந்து இறங்கியது. இடுப்பு உயரம், வாதாம் மர நிறம். அவற்றை இரண்டு மூலைக்கும் தள்ளி நிறுத்தி, எதிரே சரியாக நடுவில் ஒரே ஒரு நாற்காலி போட்டான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் மாயம் நடக்கும். இரண்டு பெட்டிக்கும் இடையில், ஒன்றுமே இல்லாத வெற்றுச் சுவரில், பாடுகிறவர் வந்து நிற்பார். ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தாலும் மறைந்துவிடுவார். ஸ்பீக்கர் நிற்கவேண்டிய இடத்தைத் தரையில் நீல டேப் ஒட்டிக் குறித்து வைத்தான். ஒருவருக்கு மட்டுமேயான அறை அது. “நீயும் வந்து கேளேன்” என்று ஆரம்பத்தில் ஒருதரம் கூப்பிட்டான். “பேப்பர் திருத்தணும்” என்றாள் தாமரைச்செல்வி. பிறகு அவன் கூப்பிடவில்லை.

புது ஸ்பீக்கர் ஓட ஓட இளகும், போகப்போகத்தான் நல்ல குரல் வரும் என்பது ஒலிக்கூட்டத்தாரின் நம்பிக்கை. முத்துக்குமரனின் ஸ்பீக்கரும் இளகியது. மாசியில் அடித்தொண்டைக் கரகரப்பு போயிற்று. பங்குனியில் வீணையின் தந்தியை விரல் விடுவதுகூடக் கேட்டது. ஒவ்வொரு வாரமும் குழுவில் எழுதினான். ‘இன்றைக்கு மிருதங்கம் ஒரு முழம் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது’ என்று எழுதியபோது, அண்ணா நகரிலிருந்து அவன் நண்பன் சித்தார்த் போன் அடித்தான்.

“மாப்ள, நானும் அதே ஜோடிதான் வாங்குனேன். அன்னைக்குக் கத்துன மாதிரியேதான் இன்னைக்கும் கத்துது. நீ அப்படி என்னதான் பண்ணுற?”

“ஒண்ணும் பண்ணல மாப்ள. பொறுமையா விடு. தானாப் பழகும்.”

சித்திரை பிறந்தது. பட்டப்பகலில் தார் ரோடு தண்ணீராய்த் தெரிகிற வெயில். ஒருநாள் அலுவலகத்தில் சர்வர் படுத்துவிட்டது. நாலு மணிக்கே எல்லாரையும் போகச் சொல்லிவிட்டார்கள். வண்டியை நிறுத்திவிட்டுப் படியேறினான் முத்துக்குமரன். இரண்டாவது மாடி திரும்பும்போது நின்றான்.

மேலே மழை பெய்துகொண்டிருந்தது.

நல்ல மழை. தகரத்தில் கொட்டுகிற மழை. இடையிடையே குழாயிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று விழுகிறது. எங்கோ தவளை. மாடிப்படி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். வெளியே துணிக்கொடியில் சட்டைகள் காய்ந்து விறைத்துத் தொங்கின. ஜன்னல் கம்பியைத் தொட்டால் கை சுட்டது. அவன் கண் வெயிலைப் பார்க்கிறது, காது நனைகிறது. இரண்டுக்கும் நடுவில் நின்றவனுக்கு ஒரு கணம், தான் எங்கேயோ பஸ்ஸில் தூங்கிப்போய்க் கனவு காண்கிறோமோ என்று இருந்தது.

சாவியைத் திருப்பி அரவமில்லாமல் உள்ளே போனான். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அவனுடைய நாற்காலியில் தாமரைச்செல்வி உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்துப் புடவைகூட மாற்றவில்லை. கண் மூடியிருந்தது. காலிரண்டையும் நாற்காலிமேல் மடக்கி, புடவைக் கரையைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தாள், தரையில் தண்ணீர் ஓடுகிறது போல. முகம் லேசாக அண்ணாந்திருந்தது.

கோயில் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் திரையை விலக்கிப் பார்த்துவிட்டவனைப் போல அவனுக்குத் திக்கென்றது. பின்வாங்கினான். கதவைச் சாத்தி, படியிறங்கி, தெருமுனைக் கடையில் டீயை வாங்கிக்கொண்டு நின்றான். டீ ஆறி ஆடை கட்டியது. வழக்கமாக வரும் நேரத்துக்குப் பிறகுதான் மறுபடி மேலே ஏறினான். தாமரைச்செல்வி பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். அறை காய்ந்து கிடந்தது.

“என்னங்க, இம்புட்டு வேர்த்திருக்கு?”

“வெயில்” என்றான்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தவன் பாட்டுப் போடவில்லை. குனிந்து தரையைப் பார்த்தான். நீல டேப் ஸ்பீக்கரின் காலடியில் ஒழுங்காக ஒட்டியிருந்தது. ஆனால் அதற்குப் பின்னால், டைல்ஸில், பழைய பசையின் தடம். அதற்கும் பின்னால் இன்னொன்று. நத்தை ஊர்ந்த வழி மாதிரி மூலையிலிருந்து வரிசையாக வந்திருந்தது. ஸ்பீக்கரைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு இழுத்து, உள்பக்கம் திருப்பி, ஒவ்வொரு தடவையும் டேப்பையும் உரித்துப் புது இடத்தில் ஒட்டியிருக்கிறாள். மூலையில் சும்மா கிடக்கிறது என்று அவன் நினைத்திருந்த, கவின்மொழி கட்டிலின் இலவம்பஞ்சு மெத்தைச் சுருளும் சும்மா கிடக்கவில்லை, எதிரொலியைக் குடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குக் கனத்த திரை எப்போது வந்தது? பங்குனியிலா?

ஸ்பீக்கர் இளகவேயில்லை. அவன் வீட்டில் ஒருத்தி அதற்கு இடம் பார்த்துக் கொடுத்திருக்கிறாள். குழுவில் தான் எழுதியதையெல்லாம் நினைத்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் தனியாக உட்கார்ந்து சிரித்தான். “யாரு போன்ல?” என்று அடுப்படியிலிருந்து கேட்டாள். “யாருமில்ல” என்றான்.

அதன் பிறகு அவனுக்கு அலுவலகத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வாரத்தில் ஒருநாள், சில வாரம் இரண்டு நாள், பெர்மிஷன் போட்டுவிட்டு வந்தான். வந்து உள்ளே போகமாட்டான். மூன்றாவது மாடிப்படியில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வான். கதவுக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு நாளும் ஒரு ஊர் திறந்தது. ஒருநாள் விடியக்காலைப் பரவை மார்க்கெட். மூட்டை விழுகிறது, யாரோ கொத்தமல்லிக் கட்டை உதறுகிறார்கள், ஒரு கிழவர் செருமுகிறார். இன்னொரு நாள் கோயில் பிராகாரத்தில் புறாக்கள், ஆயிரம் விசிறிபோல. ஒருநாள் ஒன்றுமே கேட்கவில்லை என்று எழுந்திருக்கப் போனான். அப்புறம்தான் புரிந்தது, அது காற்று. வெட்ட வெளியில் தனியாக நிற்கிற பனைமரத்துக் காற்று. படிக்கட்டில் சாய்ந்தவாறே அவன் அந்தப் பனையடியில் கண் அயர்ந்துபோனான். மேல்வீட்டு அம்மாள் காய்கறிப் பையோடு அவனைத் தாண்டிப் போனதுகூட அவனுக்குத் தெரியாது.

இதெல்லாம் அவளே போய்ப் பிடித்துவந்த சத்தங்கள், எதில் பதிவு செய்கிறாள் என்பது பிறகு விளங்கிற்று. போன வருசம் அவன் ஆசைப்பட்டு வாங்கிய கையடக்க ரெக்கார்டர். நெற்றியில் இரண்டு மைக், காற்றிரைச்சலைத் தடுக்கக் கம்பளிப்பூச்சி மாதிரி ஒரு மயிர் உறை. ரெண்டு வாரம் வைத்து விளையாடிவிட்டு, அடுத்த சாமான் வந்ததும் அதை அலமாரிக்குள் போட்டதோடு மறந்திருந்தான். அலமாரியைத் திறந்து பார்த்தான். உறை மட்டும் இருந்தது. அதிலும் வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்தது.

வைகாசிக் கடைசியில், லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபின் ஒரு சாயங்காலம், படியில் உட்கார்ந்திருந்தவனுக்கு உள்ளேயிருந்து ஒரு ஆம்பிளைக் குரல் கேட்டது. முனகல் மாதிரி ஒரு பாட்டு. வார்த்தை கிடையாது. சுருதி நின்ற இடத்தில் நிற்கவில்லை. கூடவே பக்கெட்டில் தண்ணீர் விழுகிறது, துணியை உதறிப் போடுகிற சத்தம். நடுவில் அந்த ஆள், ‘அடச்சே, பட்டன் போச்சா’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி முனகுகிறான்.

தன் குரல் என்று தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. தான் பாடுவோம் என்பதே அவனுக்குத் தெரியாது. எந்த ஞாயிற்றுக்கிழமையோ, பின்பக்கப் பால்கனியில் துணி காயப்போட்டபோது. மழையையும் புறாவையும் பிடித்து வைத்தவள் இதையும் பிடித்து, யாரும் இல்லாதபோது போட்டுக் கேட்கிறாள். அதற்குமேல் வெளியே உட்கார்ந்திருப்பது களவு என்று பட்டது. எழுந்து கதவைத் தட்டினான்.

பாட்டு சட்டென்று நின்றது. தாமரைச்செல்வி கதவைத் திறந்தாள்.

“என்ன, அதுக்குள்ள வந்துட்டீங்க?”

“ரொம்ப நாளா வாரேன், செல்வி. வந்து படியில உக்காந்துருக்கேன்.”

அவள் முகத்தில் முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கம். பிறகு இரண்டும் இல்லாத ஒன்று. கதவை விட்டு விலகி, உள்ளே போய், தரையில் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

“எம்புட்டுக் கேட்டீங்க?”

“தகரத்துல மழையிலருந்து.”

“அது எங்க ஸ்கூல் சைக்கிள் ஷெட்டு. ஐப்பசில புடிச்சது.” புடவைத் தலைப்பால் டைல்ஸின் பசைத் தடம் ஒன்றைத் தேய்த்தாள். “நாள்பூராம் பிள்ளைகளுக்குக் கத்திட்டு வாரேன். வீட்டுக்கு வந்தா கவினும் இல்ல. காதுக்குள்ள என் குரலே ஓடிட்டுக் கெடக்கும். என்கிட்ட ஒண்ணும் கேக்காத ஒரு சத்தம் இருந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு. அதான் புடிக்க ஆரம்பிச்சேன். ஸ்பீக்கர் வந்தப்புறம் உங்க ரூமைக் கூட்ட வந்தப்ப, புடிச்சதைப் போட்டுட்டு இந்தச் சேர்ல சும்மா உக்காந்தேன். அப்படியே பழகிருச்சு.”

“என்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?”

“சொன்னா நீங்க உடனே மைக்கு மாத்துவீங்க, ஒயரு மாத்துவீங்க. குழுவுல எழுதுவீங்க.” சிரித்தாள். “ஸ்பீக்கரை நகத்துனதுக்குத் திட்டப் போறீங்களா?”

“உன்னைச் சித்தார்த் வீட்டுக்கு அனுப்பி வைக்கப்போறேன். அங்கயும் போய் நகத்திக் குடு.”

அவள் சிரிப்பு அடங்கியதும் அவன் கேட்டான், “என் பாட்டை எதுக்குப் புடிச்ச?”

“நான் காத்தைத்தான் புடிக்க வச்சேன். நீங்க குறுக்க வந்து பாடுனீங்க.” கையிலிருந்த வளையலைத் திருகினாள். “அழிக்க மனசு வரல.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் வண்டியில் திருமங்கலம் தாண்டிப் போனார்கள். அவளுக்குத் தெரிந்த இடம். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே, கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு கண்மாய். தண்ணீர் இல்லை. கரைமேல் மருதமரங்கள், அடியில் வெயில் நுழைய முடியாத நிழல். முத்துக்குமரன் ஸ்டாண்டை விரித்து ரெக்கார்டரை மாட்டி, மயிர் உறையைப் போட்டு, ஒலியின் லெவல் பார்த்து, மறுபடி லெவல் பார்த்தான்.

“போதும், வந்து உக்காருங்க. பேசக்கூடாது.”

துண்டை விரித்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துப் படுத்தான். பேசாமல் இருப்பது அவனுக்குப் பழக்கமில்லை. ஆனால் மெல்ல மெல்ல சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கிட்டே வந்தன. மருத இலை ஒன்றோடொன்று உரசுவது. தூரத்தில் லாரி, கடல் மாதிரி. ஏதோ ஒரு குருவி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லியது. தாமரைச்செல்வியின் மூச்சு நீண்டு சீராவதைக் கேட்டான். அதைத்தான் கடைசியாகக் கேட்டான்.

விழித்தபோது நிழல் கரைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. ரெக்கார்டர் சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது. “ஒலிக்கூட்டத்து ஆளுக ரெண்டு பேரும் தூங்கிட்டோம்” என்றான் அவன். மண்ணைத் தட்டிவிட்டு, வழியில் பருத்திப்பால் குடித்துவிட்டு வீடு வந்தார்கள்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்த நேரத்துக்கு அவனும் வந்துவிட்டான். இருக்கிறது ஒரே நாற்காலி. அவன் அவளை அதில் உட்காரவைத்து, தான் அவளுக்கு முன்னால் தரையில், அவள் முழங்காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். நடுக்கோட்டில் ஒருவருக்கு முன் ஒருவர் உட்காரலாம் என்பது அவனுக்கு இத்தனை நாளாய்த் தோன்றவேயில்லை. பதிவை ஓடவிட்டான்.

சுவர் விலகியது. கண்மாய் வந்தது. இலை, லாரி, குருவி. பிறகு இரண்டு மூச்சு. பின்னணியில் அவனுடைய குறட்டை எழும்பியபோது தாமரைச்செல்வி அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். வெகுநேரம் அவ்வளவுதான். அவன் அணைத்துவிடலாம் என்று ரிமோட்டைத் தேடினான்.

அப்போது வலது ஓரத்தில், ரொம்பத் தொலைவில், ஒரு சின்ன மணி. இன்னொரு மணி. காய்ந்த சருகில் குளம்புகள் பரபரவென்று நெருங்கின. ஆடுகள். பத்தா, நூறா, சொல்ல முடியாது. கூடவே ஒரு பெண்ணின் குரல், சற்று வயதான குரல், கிசுகிசுப்பாக.

“ஏய்… அங்கிட்டுப் போகாதீக. ஆளுக தூங்குதுக. அரவம் காட்டாம வாங்கடி.”

தாமரைச்செல்வியின் கை அவன் தோளை இறுக்கிப் பிடித்தது. ஒரு ஆடு மட்டும் சொல் கேட்கவில்லை. அதன் மணி கிட்டே, இன்னும் கிட்டே வந்தது. பிறகு அறை முழுவதும் ஒரு பெரிய, வெதுவெதுப்பான மூச்சு நிறைந்தது. ‘நறுக்’கென்று ஒரு கடி.

“அடியே, அதைத் திங்காத! அந்தப் பிள்ளைக என்னத்தையோ காயவச்சிருக்கு. வா இங்கிட்டு.”

ஒரு சின்னக் கல் உருளும் சத்தம். மூச்சு விலகியது. குளம்புகள், அத்தனையும், இரண்டு பேர் உறக்கத்தைச் சுற்றிக்கொண்டு, மெத்தென்று மண்ணில் கால் பதித்துப் போயின.

“அந்த உறையை எடுத்துப் பாக்குறேன், கடிச்சிருக்கும்…” என்று முத்துக்குமரன் எழுந்தான்.

“உக்காருங்க” என்றாள் அவள், குரலே எழுப்பாமல். “மணி இன்னும் முடியல.”

உட்கார்ந்தான். மணி இடது ஸ்பீக்கரைத் தாண்டி, அதற்கும் அப்பால், சுவருக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது.