பூட்டியவர் வெளியேறிவிட்டார்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ஒட்டுக்கேட்ட கதை. சீசன் நேரம். கம்ப்யூட்டர் உறைந்துபோனதால் யாருக்கும் அறை இல்லை. மேலாளர் மணிமுத்து, முன்பதிவு நிரலை, அதாவது புரோகிராமை, எழுதிய பெண்ணைத் தென்காசிக்குப் போன் போட்டுப் பிடித்தார். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது.

"ஏம்மா, எந்த ரூமத் தொட்டாலும் சுத்திக்கிட்டே கெடக்கு. எட்டுக் குடும்பம் ஈரத்துணியோட நிக்காவ."

"பதிவேடு லாக் ஆகிக் கெடக்கு அண்ணாச்சி. பூட்டுன ஆளு தொறக்காமப் போயிட்டு. என் தப்புதான்."

"வீட்டுல சத்தமே இல்லையே, யாரும் இல்லையா?"

"நான் மட்டுந்தான்."

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

அவளுக்கு ஜுஹைனா என்று பெயர் வைத்தேன். ஜுஹைனா ஜன்னலோரம் சாரலைப் பார்த்தபடி [வேண்டாம். எட்டுக் குடும்பம் நிற்கிறது, இவளுக்கென்ன சாரல்.]

ஜுஹைனா நிரலைத் திறந்தாள். ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடக் கூடாது, அதற்குத்தான் பூட்டு. ஒருவர் பதிவேட்டில் எழுதும்போது மற்றவர்கள் வெளியே நிற்பார்கள். எழுதியவர் திறந்துவிட்டுப் போனால்தான் அடுத்தவர் நுழையலாம். திறக்கும் வரியை அவள் எழுதித்தான் இருந்தாள், ஆனால் எல்லாம் நல்லபடியாக முடிந்தால் மட்டும் எட்டக்கூடிய இடத்தில். இன்று யாரோ ஆதார் எண்ணைத் தப்பாக அடிக்க, நிரல் பாதியிலேயே வெளியேறிவிட்டது. பூட்டு பூட்டியபடி.

அந்த வரியை இடம் மாற்றி, நிரலை முதலிலிருந்து ஓடவிட்டாள். இனி எந்த வழியாக வெளியேறினாலும் திறந்துவிட்டே போக வேண்டும்.

"இப்பப் பாருங்க அண்ணாச்சி."

"ஆங், வந்துட்டு." போன் நின்றது. வீடு மறுபடி அமைதியானது.

3

கணவன் சுஹைபை இங்கேதான் கொண்டுவந்தேன். சவூதியில், தமாமில் வேலை. ஏழு மாதத்துக்கு முன், சண்டை நடுவே, "இரு, திரும்பக் கூப்பிடுதேன்" என்று போனை வைத்தான். கூப்பிடவில்லை. (முதல் வரைவில் அவனை விபத்தில் கொன்றிருந்தேன். கோழைத்தனம், அழித்துவிட்டேன்.) நன்றாகத்தான் இருக்கிறான். தினமும் ஸ்டேட்டஸ் போடுகிறான். பார்த்தவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருப்பது அவனுக்கும் தெரியும்.

சென்னையில் நல்ல வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். "மச்சான்ட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்று இரண்டு தடவை தள்ளிப்போட்டாள். வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அவளுடைய எல்லாமே அந்த ஒரு போனுக்குப் பின்னால் நிற்கிறது. அவளை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

4

முடிவு அ: சுஹைப் கூப்பிடுகிறான். "ஜுஹைனா, நான்..." [இதற்குமேல் அவன் வாயில் வைக்க எனக்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை.]

முடிவு ஆ: அவளே கூப்பிடுகிறாள். [பதினோரு தடவை கூப்பிட்டாயிற்று.]

முடிவு இ: அவன் பூட்டிவிட்டுப் போன பூட்டை வேறு யாராவது உடைக்கலாமே? உடைக்கலாம். பாதி எழுதிய பக்கம் என்னவாகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஜுஹைனா லாட்ஜுக்கு இன்னொரு திருத்தமும் செய்தாள். வெளியே நிற்பவர் முப்பது வினாடி பார்ப்பார், பூட்டு திறக்காவிட்டால் வரிசையை விட்டுப் போய்விடுவார். அதை அவள் யோசிக்காமல் அடித்தாள். தனக்கு எத்தனை நாள் என்று வந்தபோது அவள் கை நின்றுவிட்டது. என் கையும்தான். குற்றாலத்துக்குத் தனியாக வந்தவன் நான், இதில் எனக்கு யோக்கியதை போதாது. இடத்தை மட்டும் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள்.

ஜுஹைனா இன்னும் காத்திருக்க வேண்டிய நாட்கள்: ______

எண் இல்லாத இடத்தில் நிரல் முடிவில்லாமல் காத்திருக்கும். நிரப்பாமல் பக்கத்தைத் திருப்பினால், அவளும்.