ஊசி, நூல், முறம்

பச்சையம்மாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவாள், அவ்வளவுதான். மலைமேல் இருக்கிற புதூர்நாட்டில் அவளைத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்ததுமே ஏதோ வேலை இருப்பதுபோல நழுவிவிடுவார்கள். திருப்பத்தூர்க்காரர்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது? தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்தக் கல்யாண மண்டபத்திலிருந்து பாதிப் பேர் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பியிருப்பார்கள்.

மண்டபம் கல்யாண மண்டபம்தான், ஆனால் அன்று கல்யாணம் எதுவும் இல்லை. பெண்கள் கைவினைச் சங்கம் ஒன்று மணி நகைப் போட்டி நடத்தியது. நகை முழுக்கக் கையால் கோத்ததாக இருக்க வேண்டும். மெஷினில் செய்தது, கடையில் தயார்ச் சரம் வாங்கி அவிழ்த்துக் கோத்தது எதுவும் செல்லாது. ஜெயிக்கிற மூன்று நகைகள் சென்னைக் கண்காட்சிக்குப் போகும். பக்கத்திலேயே செய்தவள் பேரும் ஊரும் எழுதி வைப்பார்கள். நோட்டீசில் பச்சையம்மாவைப் பிடித்து இழுத்தது அந்தக் கடைசி வரிதான். ரேஷன் கார்டையும் ஓட்டர் லிஸ்டையும் தவிர அவள் பேர் இதுவரை எதிலும் ஏறியதில்லை.

ஐம்பத்து மூன்று நகைகள் வந்திருந்தன. நீள மேஜையில் நீல வெல்வெட் விரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் சீட்டு வைத்திருந்தார்கள். பச்சையம்மாவின் மாலைக்கு நாற்பத்தொன்று.

அந்த மாலையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். முற்றிய சாமைக் கதிர் எப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்குமோ, அப்படி ஏழு சரமும் இடது பக்கமாகவே சாய்ந்து விழும். பிடரியில் கடுகு அளவு மணியில் ஆரம்பித்து, கழுத்தைச் சுற்றி வரவரக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்து, மார்புக்கு வரும்போது மிளகு அளவு ஆகிவிடும். பச்சை, அப்புறம் வைக்கோல் நிறம், அப்புறம் சாம்பல் கலந்த பழுப்பு. எந்த இடத்தில் நிறம் மாறியது, எந்த இடத்தில் மணி பெரிதானது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. மாட்டுவதற்குப் பித்தானாக, தேய்த்து மெருகேற்றிய ஒரு புளியங்கொட்டை. சாமை அறுவடை முடிந்த கையோடு உட்கார்ந்தவள், நாற்பது நாள் எழுந்திருக்கவில்லை. புருஷன் ராஜவேலுதான் அந்த நாற்பது நாளும் களி கிண்டினான். களி சுமாராகத்தான் இருந்தது, ஆனால் வாயைத் திறக்காமல் கிண்டினான், அந்த மட்டும் நல்லவன்.

போட்டிப் படிவத்தில் ‘பயன்படுத்திய கருவிகள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. மற்றவர்கள் ஊசி, குறடு, கத்தரி, பசை என்று எழுதியிருந்தார்கள். பச்சையம்மா ‘ஊசி, நூல், முறம்’ என்று எழுதினாள். அதுதான் உண்மை. எழுதச் சொன்னதை எழுதினாள், அதில் வினை வரும் என்று அவள் கண்டாளா?

பதினொன்றரைக்கு முடிவு சொன்னார்கள். தலைமை நடுவர் ராஜேந்திரன், திருப்பத்தூரில் நகைக்கடை வைத்திருப்பவர், வெள்ளைச் சட்டைப் பையில் பூதக்கண்ணாடி சொருகியவர், மேடையேறி மைக்கைத் தட்டினார். மூன்றாம் பரிசு, கருப்பு மணியில் செய்த ஒரு ஜோடி ஜிமிக்கிக்கு. இரண்டாம் பரிசு, மயில் கழுத்து நிறத்தில் பின்னிய கைவளைக்கு. முதல் பரிசு, கலசப்பாக்கம் பிரியதர்ஷினி செய்த சிவப்பு அட்டிகைக்கு. பச்சையம்மாவும் கைதட்டினாள். அட்டிகை உண்மையிலேயே நன்றாக இருந்தது. நல்லதை நல்லது என்று சொல்ல அவளுக்கு வாய் வலிக்காது.

ராஜேந்திரன் மைக்கை விடவில்லை.

“ஒரு வருத்தமான விஷயத்தையும் சொல்லணும். புதூர்நாட்டுல இருந்து வந்திருக்கிற பச்சையம்மாங்கிறவங்களோட மாலையை நாங்க நீக்கிட்டோம். அது கையால செஞ்சது இல்ல, கடைச் சரக்கு. இனிமே யாரும் இப்படி ஏமாத்த நினைக்காதீங்க.”

மண்டபத்தில் இருநூறு தலை திரும்பியது. எல்லாரும் தேடியது மலைக்காரிகள் உட்கார்ந்திருந்த கடைசி வரிசையை. அவளோடு ஒரே பஸ்ஸில் வந்த ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பச்சையம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாற்பது நாள் உழைத்தது போகட்டும். பேரும் ஊரும் ஏறும் என்று வந்தாள். ஏறியது, திருடி என்று ஏறியது.

பக்கத்தில் இருந்த ஓரகத்தி மணியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். “அக்கா, வா போய்டலாம். ஒண்ணரைக்கு பஸ் கீது. மானம் போச்சி.”

“போச்சில்ல? அப்ப அது இல்லாம எப்டிடீ ஊருக்குப் போறது?” என்று பச்சையம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

அவள் நேராக நடுவர் மேஜைக்குப் போனாள். ராஜேந்திரன் காப்பியை வாயருகே கொண்டுபோயிருந்தார்.

“இன்னா சார் சொன்னீங்க மைக்குல?”

“உக்காரும்மா.”

“உக்கார்றதுக்கு வர்ல. எதை வெச்சி கடைச் சரக்குன்னீங்க?”

ராஜேந்திரன் கெட்டவர் இல்லை. தனக்குத் தெரியாதது உலகத்தில் இருக்கலாம் என்று யோசிக்காதவர், அவ்வளவுதான். மாலையை எடுத்துப் பூதக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். “பாரும்மா. இதுல பதினோரு சைஸ் இருக்கு. ஒரு மணி தப்பல. நாலாயிரம் அஞ்சாயிரம் மணியை இப்படிக் கையால தரம் பிரிக்க முடியாது. ஃபேக்டரில சல்லடை போட்டுப் பிரிச்ச சரத்தை வாங்கிக் கோத்திருக்கீங்க. முப்பது வருஷமா நகைக்கடை வெச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?”

“நான் வாங்கனது இந்த ஊரு பஜார்ல. எடை போட்டு விக்கற கலப்பு மணி. பெர்சு சிறுசு எல்லாம் ஒண்ணாக் கெடக்கும். வூட்ல பிரிச்சேன்.”

“எதுல பிரிச்சீங்க?”

“அதான் எழுதனனே. முறத்துல.”

பக்கத்து நடுவர்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். ராஜேந்திரனுக்குச் சிரிப்பு வரவில்லை, முகம் சிவந்தது. “அதைப் பாத்துதான் எங்களுக்கு முதல்ல சந்தேகமே வந்தது. கருவின்னு கேட்டா முறம்னு எழுதி எங்களைக் கிண்டல் பண்றீங்களா?”

அரிசியும் சாமையும் தின்று வளர்ந்த மனுஷருக்கு முறம் கிண்டலாகப் படுகிறதே என்று பச்சையம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

சங்கச் செயலாளர் சசிகலா நல்ல எண்ணத்தோடுதான் குறுக்கே வந்தாள். “பச்சையம்மா, சண்டை வேணாம். மலைவாழ் மகளிருக்குன்னு தனியா ஆறுதல் பரிசு இருக்கு. ஆளுக்கொரு ஹாட் பாக்ஸ். நீங்களும் ஒண்ணு வாங்கிக்குங்க.”

“திருடிக்கு இன்னாத்துக்கு மேடம் ஹாட் பாக்ஸ்?”

பச்சையம்மா ராஜேந்திரன் பக்கம் திரும்பினாள்.

“நான் திருடின்னா போலீசைக் கூப்புடுங்க. இல்லன்னா, பிரிச்சிக் காட்றேன், பாருங்க. பரிசு சாயந்தரம்தானே குடுக்கறீங்க? நேரம் கீது. வாசல்ல மணிக்கடை போட்டுக்கிறாங்க. நீங்களே போயி, நீங்களே வாங்கி, நீங்களே கலந்து எடுத்துனு வாங்க. நான் கையக் கூட வெக்கல.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் போனாள். சாம்பார் இறக்கிக்கொண்டிருந்த சமையல்காரர் துரைக்கண்ணு ஒரு பிளாஸ்டிக் முறத்தை எடுத்து நீட்டினார். பச்சையம்மா அதைத் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“இதுல மணி ஒட்டிக்கும்ணே. மூங்கில் முறம் இல்லியா?”

“இருக்குது. ஆனா சாணி மெழுகினதும்மா. சபைக்கு எடுத்துனு போவ முடியுமா?”

“அதான் வோணும். சந்துல மணி வுழாது.”

இப்படியாக நீல வெல்வெட்டுக்கு நடுவில் சாணி மெழுகிய மூங்கில் முறம் வந்து உட்கார்ந்தது. நடுவரம்மா ஒருத்தி மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டாள். ராஜேந்திரன் தன் கையாலேயே நான்கு பொட்டலம் வாங்கி வந்து, ஒரு தட்டில் கொட்டி, ஐந்து விரலையும் விட்டு நன்றாகக் கலந்தார். சோதிக்கிறவர் சோதிக்கட்டும் என்று பச்சையம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுப் பந்திக்குப் போனவர்கள் பாதியில் எழுந்து, எச்சில் கையோடு மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

மணிகளை முறத்தில் கொட்டினாள். முதலில் இரண்டு தட்டுத் தட்டிப் புடைத்தாள். உடைசலும் தூளும் முன்னால் பறந்து வெல்வெட்டில் விழுந்தன. பிறகு முறத்தை லேசாகச் சாய்த்துப் பக்கவாட்டில் கொழிக்க ஆரம்பித்தாள். சாமை குத்துகிற வீட்டில் பிறந்தவளுக்கு இது தினப்படி வேலை. உமி போன அரிசியையும் போகாத சாமையையும் கண்ணால் பிரிக்க முடியாது, அவ்வளவு பொடிசு. கைதான் பிரிக்கும். அதைவிடக் கண்ணாடி மணி எவ்வளவோ பெரிசு, எவ்வளவோ கனம். கொழிக்கக் கொழிக்கப் பெரிய மணிகள் முறத்தின் வாய்ப்பக்கம் உருண்டு வந்தன. சின்னவை அடியில் தங்கின. விரல் நுனியால் வாயில் வந்ததை ஒதுக்கித் தட்டில் தள்ளினாள். மறுபடி கொழித்தாள், மறுபடி ஒதுக்கினாள்.

சளக் சளக் என்ற சத்தத்தைத் தவிர மண்டபத்தில் ஒன்றும் கேட்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் பதினோரு குவியல் வெல்வெட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

கூட்டத்தில் யாரோ ஒரு பெண், “அடிப்பாவி, எங்க வூட்லயும்தான் முறம் கீது. எனக்கு இது தோணலியே!” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

ராஜேந்திரன் குவியலுக்குப் பத்து மணியாக எடுத்து ஊசியில் கோத்து, அளவுகோலில் வைத்துப் பார்த்தார். பூதக்கண்ணாடியைப் பிடித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார். பச்சையம்மாவின் பக்கம் குனிந்து, மற்றவர் காதில் விழாமல், “தப்பா நெனச்சிட்டேன்மா. மன்னிச்சிக்குங்க,” என்றார்.

“இன்னா சார், காதுல சொல்றீங்க?”

“அதாம்மா...”

“கடைச் சரக்குன்னு காதுலயா சொன்னீங்க? எதுல சொன்னீங்களோ அதுல சொல்லுங்க.”

அதற்குள் சசிகலா மதிப்பெண் தாளை எடுத்து வந்துவிட்டாள். ஹாட் பாக்ஸ் விஷயம் அவளை உறுத்தியிருக்க வேண்டும். நாற்பத்தொன்றுக்கு எதிரே தொண்ணூற்றிரண்டு என்று போட்டு, அதன்மேல் சிவப்பில் கோடு இழுத்திருந்தது. சிவப்பு அட்டிகைக்கு எண்பத்தெட்டு. மூன்று நடுவர்களும் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். பிரியதர்ஷினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. காலையில் கிடைத்த முதல் இடம் மத்தியானம் போனால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்?

ராஜேந்திரன் மேடையேறி மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். “ஒரு சின்னத் திருத்தம். பதிவு எண் நாற்பத்தொன்று, கையால் செய்யப்பட்டதுதான்னு உறுதியாயிடுச்சு. அதிக மதிப்பெண் அடிப்படையில, முதல் பரிசு பதிவு எண் நாற்பத்தொன்றுக்கு. பரிசை இப்பவே வந்து வாங்கிக்கலாம்.”

மண்டபம் அதிர்ந்தது. கடைசி வரிசை ஆறு பேரும் எழுந்து நின்றார்கள். மணியம்மாள் விசில் அடிக்கப் பார்த்து, காற்றுதான் வந்தது. மேடையில் கோப்பையோடு சசிகலா சிரித்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் வழிவிட்டார்கள்.

பச்சையம்மா அசையவில்லை. மேடைக்குக் கீழே, கையைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

“வாங்கம்மா, மேல வாங்க,” என்றார் ராஜேந்திரன்.

“யாரைக் கூப்புடறீங்க?”

“உங்களைத்தான்.”

“எனக்குப் பேரு இல்லியா?”

கைதட்டல் அப்படியே அடங்கியது. “அக்கா, குடுக்கறாங்க, வாங்கிக்கக்கா. கெடுத்துக்காதே,” என்று மணியம்மாள் பின்னாலிருந்து கெஞ்சினாள்.

பச்சையம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சார், திட்றப்ப நம்பரா சொன்னீங்க? பேரு சொன்னீங்க, ஊரு சொன்னீங்க. ஊரே கேட்டுச்சி. எங்காளுங்க ஆறு பேரு தலையத் தொங்கப் போட்டுனு ஒக்காந்திருந்தாங்க. இப்ப நல்லது சொல்றப்ப மட்டும் நாப்பத்தொண்ணா? நாப்பத்தொண்ணுக்கு ஒண்ணும் மானம் போவல சார். எனக்குத்தான் போச்சி. கோப்பையை நீங்களே வெச்சிக்குங்க, பரவால்ல. பேரைக் குடுங்க.”

ராஜேந்திரன் மற்ற நடுவர்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரையே பார்த்தது. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு, இந்த ஊரில் யாரும் அவரை இப்படி நிற்க வைத்ததில்லை. கடைசியில் மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்தார்.

“புதூர்நாடு பச்சையம்மா,” என்றார், குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. “ஏமாத்தினாங்கன்னு சொன்னது என் தப்பு. அது கடைச் சரக்கு இல்ல. அவங்க கையால, அவங்க முறத்துல பிரிச்சிக் கோத்த மாலை. முதல் பரிசு அவங்களுக்கு.”

பச்சையம்மா கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு பேரும் தலை நிமிர்ந்து நின்றிருந்தார்கள். ஒரு கணம் அவளுக்குக் கண் கலங்கியது, விரலால் அழுத்தித் துடைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தாள்.

“கடைசி வரிசைக்குக் கேக்கல சார். இன்னொரு தபா சொல்லுங்க.”

அவர் சொன்னார், இந்தத் தடவை சத்தமாகவே சொன்னார். அதற்கப்புறம்தான் பச்சையம்மா மேடைப் படியில் கால் வைத்தாள்.