வுங் தாவ் கரையில் ஒரு தாம்பூலம்

ஆறு வருஷம் சைகோனில் ஜவுளிக்கடையில் கஜக்கோல் பிடித்த என் வீட்டுக்காரர், 1956 தை மாதம் உத்தனப்பள்ளிக்கு வந்தார். வந்த மூன்றாம் நாள், "உன்னையும் கூட்டிக்கிட்டுப் போறேன் மங்கா, ரெண்டு மாசம் ஊரைச் சுத்திப் பாக்கலாம்" என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு வாசனை சோப்புகூட வாங்கி அனுப்பாத மனுஷன், கப்பலேற்றிக் கூட்டிப்போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

கல்யாணமாகி ஒன்பது வருஷம். குழந்தை இல்லை. இன்னொருத்தியைக் கட்டிவைக்க வேண்டும் என்று என் மாமியார் கிணற்றடியில் என் காதுபடவே பேசுவாள். ஒருத்தி இருக்க இன்னொருத்தியைக் கட்டக்கூடாது என்று போன வருஷம் சட்டம் வந்தது. அன்றைக்கு நான் இரண்டு சோளக்களி உருண்டை கூடுதலாகச் சாப்பிட்டேன். ஆனால் சட்டம் இந்தக் கரையோடு சரி. கடலுக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொண்டால் எந்தக் கோர்ட்டு கேட்கும்?

"கூறைப்பட்டையும் எடுத்து வெச்சுக்க" என்றார். அதுதான் என்னைச் சுட்டது. இரண்டாந்தாரம் கட்டுகிறபோது எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவள் பட்டுடுத்தி வந்து, பெண் வீட்டாருக்குத் தன் கையாலேயே வெற்றிலைத் தட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் சம்மதம் என்று கணக்கு. அப்புறம் அவள் ஊர்ப் பஞ்சாயத்தில் வாய் திறக்க முடியாது.

சைகோனில் அவர் தங்கியிருந்த மாடி அறைக்குள் நுழைந்ததும் என் கண் பெட்டி படுக்கையைப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் ஒரு பனையோலைத் தொப்பி. அலமாரியில் ஒரு சீப்பு. அதன் பற்களில் என் முழங்கை நீளத்துக்கு ஒரு கறுப்பு முடி. யாருடையது என்று அதே அறையில் தங்கியிருந்த திம்மப்பனைக் கேட்டேன். பர்கூரில் இருக்கும் என் சின்னம்மா கெம்பம்மாவின் மகன் அவன், எனக்குத் தம்பி முறை. அவன் தலையைச் சொறிந்துகொண்டு கீழே இறங்கிப் போய்விட்டான். கூடப்பிறந்தவன் மாதிரி இருந்தவனும் உடந்தை என்று தெரிந்தது.

ஊரைச் சுற்றிக் காட்டினார். மணிக்கூண்டு வைத்த பெரிய சந்தை, ஆற்றில் கப்பல்கள், முன்னால் நம்மை உட்காரவைத்துப் பின்னால் இருந்து மிதிக்கும் வண்டி. நம் மாரியம்மனுக்கு அங்கேயும் கோயில் இருக்கிறது. நான் ஊரைப் பார்க்கவில்லை, அவர் யாரைப் பார்க்கிறார் என்று பார்த்தேன். சந்தையில் வெற்றிலையும் பாக்கும் வாங்கினார். எதற்கு என்று கேட்டதற்கு, "நாளைக்கு வுங் தாவ் போறோம், கடற்கரை. வேணும்" என்றார்.

பஸ்ஸில் திம்மப்பனும் வந்தான். வுங் தாவில் இரண்டு மலைக்கு நடுவே கடல் வளைந்து உள்ளே வந்திருந்தது. தண்ணீர் பச்சையும் நீலமுமாக, படகுகள் அசையாமல் நின்றன. எவ்வளவு அழகு, ஆனால் என் மனசுக்கு அது எட்டவில்லை. சத்திரத்தில் இறக்கிவிட்டு, "பட்டைக் கட்டிக்கிட்டுக் கரைக்கு வா" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் போனார்.

கட்டிக்கொண்டு போனேன். மடிப்புகூட நிற்கவில்லை. கரையில் ஒரு பாய். அதில் பல்லெல்லாம் கறுத்த ஒரு கிழவி, பக்கத்தில் சிவப்பு அங்கியில் தலைகுனிந்த ஒரு பெண். முடி இடுப்புக்குக் கீழே. திம்மப்பன் தூரத்தில் ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் வீட்டுக்காரர் வெற்றிலை பாக்குத் தட்டை என் கையில் வைத்தார்.

"அந்த அம்மாவுக்குக் குடு" என்றார்.

கோபம் வந்தால் எனக்குத் தெலுங்குதான் வரும். என் பிறந்த வீட்டுப் பாஷையில் அவரையும் அவர் அம்மாவையும் திட்டித் தீர்த்தேன். தட்டை மணலில் வீசினேன். "நான் செத்த பொறவு கட்டிக்க" என்றேன். அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

என் வீட்டுக்காரருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளிறிப்போனது. "எனக்கா? ஏ பைத்தியக்காரி, திம்மப்பனுக்குடி. இவங்க ஊர்லயும் வெத்தல பாக்கு குடுத்தாத்தான் நிச்சயம். புருசன் பொஞ்சாதியா ரெண்டு பேரு வந்து குடுக்கணும். அவனுக்கு இங்க யாரிருக்கா?"

"அப்ப அந்தச் சீப்பு?"

"அந்தப் பொண்ணோடதுதான். அவளும் இதோ இருக்கிற அவ அம்மாவும் வந்து சோறாக்கித் தருவாங்க."

"முன்னாடியே சொன்னா என்னவாம்?"

"சொன்னா உங்க சின்னம்மாவுக்குக் கடுதாசி போடுவே. கெம்பம்மா அழுது பொலம்பி இவன ஊருக்கே திருப்பிக் கப்பலேத்திடும்." ஆறு வருஷம் என்னைப் பார்க்காத மனுஷன் என்னைச் சரியாகத்தான் புரிந்து வைத்திருந்தார். போட்டிருப்பேன்.

அவர் குரல் இறங்கியது. "சைகோன்ல நம்ம ஆளுங்க எத்தனையோ ஜோடி இருக்கு மங்கா. உன்னக் கூட்டியாரணும்னு நாந்தான் புடிவாதமா இருந்தேன். புள்ள இல்லாதவன்னு ஊர்ல ஒரு விசேஷத்துக்கு உன் கையில தட்டு குடுத்திருக்காங்களா? நானும் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். இங்க யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

அவர் கப்பலேறுமுன் நடந்த என் தங்கை கல்யாணத்தில்கூட என்னை அடுப்படியில்தான் உட்காரவைத்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பார்க்கவே இல்லை என்று நினைத்திருந்தேன். அவமானத்தில் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கிழவி ஏதோ கேட்டாள். ஓடி வந்திருந்த திம்மப்பன் என் பக்கம் திரும்பினான்.

"என்னடா கேக்குது?"

"உனக்கு எத்தன புள்ளன்னு கேக்குதுக்கா. ரெண்டுன்னு சொல்லிட்றேன்."

பிள்ளை பெற்றவள் கையால்தான் வாங்குவாள் போலிருக்கிறது. அந்த ஊரும் நம் ஊர்தான். ரெண்டு என்று சொல்லச் சொல்லி வாய்வரை வந்தது. அவன் கல்யாணமல்லவா, நான் ஏற்கெனவே பாதி கெடுத்துவிட்டேன்.

"இல்லைன்னு சொல்லு" என்றேன்.

சொன்னான். கிழவி என்னை நெடுநேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, சிதறிக் கிடந்த வெற்றிலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தன் சட்டைக் கையால் மணலைத் துடைத்துத் தட்டில் அடுக்கினாள். என்னைத் தூக்கி நிறுத்தித் தட்டை என் கையில் வைத்தாள். எதிரே போய் நின்று, வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினாள்.