ஹெட்மாஸ்டர் எழுதிய மூத்திரப் பரீட்சை

என் வீட்டுக்காரர் ஹெட்மாஸ்டர். ரிட்டயர் ஆகியும் திருந்தலை. எந்தப் பரீட்சைன்னாலும் பாஸாகணும், அதுவும் பிரமாதமா. பிட் அடிக்கிற பசங்களைப் பிடிச்சுப் பிடிச்சே தலை நரைச்ச மனுஷன்.

வாந்தியும் பேதியுமாக் கிடந்து, "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை"ன்னு அடம்பிடிச்சார். மூத்திரமே சரியாப் போகலைன்னதும் ஆஸ்பத்திரியில சேர்த்தோம். டாக்டரம்மா ஒரு சின்ன டப்பாவை நீட்டினாங்க.

"கொஞ்சம் மூத்திரம் பிடிச்சுக் கொடுங்க சார். அதுல எவ்வளவு உப்பு போகுதுன்னு பார்க்கணும். உடம்பு வறண்டதாலதான் கிட்னி சுணங்குதுன்னா, உப்பை விடாம இறுக்கிப் பிடிச்சுக்கும். கிட்னியே கெட்டிருந்தா, பிடிக்க முடியாம விட்டுடும்."

இவர் காதுல ஏறினாத்தானே! பக்கத்துக் கட்டில்காரர் டப்பாவை வழிய வழியக் கொடுத்திருந்தார். இவருக்குப் பொறுக்குமா? என் கைப்பையை இவர் தலைமாட்டுல வச்சுட்டு ஸ்கேன் ரிப்போர்ட் வாங்க வரிசையில நின்னேன். திரும்பி வந்தா டப்பா விளிம்பு வரைக்கும் இருக்கு. மனுஷன் முகத்துல ஸ்டேட் ஃபர்ஸ்ட் வாங்கின களை.

ரிசல்ட் வந்தது. உப்பு எக்கச்சக்கம். "கிட்னியே அடிபட்டிருக்கும் போல. டயாலிசிஸுக்கு ஏற்பாடு பண்றோம்"னாங்க டாக்டரம்மா.

படபடன்னு வந்ததுல என் பிரஷர் மாத்திரையைத் தேடிப் பையைத் திறந்தேன். நீர் பிரியறதுக்கு எனக்குக் கொடுத்த மாத்திரை அட்டையில ஒண்ணு குறையுது.

"ஏங்க, எடுத்தீங்களா?"

கூரையைப் பார்த்தார். "சும்மா இரு. டயாலிசிஸுக்குக் கழுத்துல குழாய் போட்டாப் போடட்டும். வெளியே சொன்னா என் மானம் போயிடும்."

"கிட்னி போகலாம், மானம் போகக்கூடாதா? ஐயோ, மூத்திரத்துல பிட் அடிச்ச ஹெட்மாஸ்டர் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தாங்க!"

வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். நேரே போய் டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் போட்டு உடைச்சுட்டேன். அந்த மாத்திரை நீரோட உப்பையும் சேர்த்து வெளியே தள்ளிடுமாம்.

மாத்திரையோட வேகம் அடங்கினதும் இன்னொரு டப்பா கொடுத்தாங்க. அடியில கொஞ்சூண்டுதான் வந்தது. "இதைப் போய் எப்படிக் கொடுக்கறது"ன்னு கூசினார்.

"கொஞ்சமா இருந்தாலும் உங்க சொந்தச் சரக்கா இருக்கட்டும்"னு பிடுங்கிட்டுப் போனேன்.

சாயங்காலம் டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டே வந்தாங்க. "உப்பு ரொம்பக் கம்மி சார். கிட்னி நல்லா இறுக்கிப் பிடிச்சிருக்கு. டயாலிசிஸ் வேண்டாம், டிரிப்ஸ் போதும்."

நான் இவர் கையைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதுட்டேன். இவர் இன்னொரு கையை மெதுவாத் தூக்கினார்.

"ரொம்பக் கம்மியா? மறுமதிப்பீட்டுக்குப் போடலாங்களா?"