உள்ளறையில் எழுதியது

மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்க வரும் பெண்கள், சீட்டை நீட்டிவிட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். கடையில் சொல்ல முடியாததை எழுதட்டுமே என்று எட்டு வருடங்களுக்கு முன் மருந்துக்கடைக்காரி ஒரு வலைப்பூவைத் தொடங்கினாள். எல்லாருக்கும் புனைபெயர்தான். உறுப்பினர்கள் மட்டும் படிக்கும் பகுதிக்கு ‘உள்ளறை’ என்று பெயர். அங்கே எழுதுவது வெளியே போகாது என்று ஒவ்வொருத்திக்கும் அவளே வாக்குக் கொடுத்தாள்.

நாற்பது பேர் நாலாயிரம் பேரானதும் ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியவில்லை. கணினி வேலை தெரிந்த நாத்தனாரைக் கூப்பிட்டாள். நாத்தனார் வந்த வேகத்தில் விளம்பரம் வந்தது, முதலீட்டாளர்கள் வந்தார்கள், மூன்றாவது மாடியில் கண்ணாடித் தடுப்பு வைத்த அலுவலகமும் வந்தது. மருந்துக்கடைக்காரிக்கு ‘நிறுவனர்’ என்று பலகை வைத்த மேசை கிடைத்தது. முடிவுகள் மட்டும் அந்த மேசையை எட்டவில்லை.

உள்ளறைப் பதிவுகள் ஒலித்தொடராக வெளிவரப் போவதை அவள் விளம்பரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். கேட்டதற்கு நாத்தனார் அசரவில்லை. புனைபெயரைக்கூட எடுத்தாயிற்று, புது விதிமுறைக்கு எல்லாரும் சம்மதம் என்று அழுத்தியிருக்கிறார்கள் என்றாள். இருபது பக்க விதிமுறையை எவள் படித்திருப்பாள்? குடும்பத்துக்குள் எதற்குச் சண்டை என்று மருந்துக்கடைக்காரி வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் பகுதி வெளியான மறுநாள் காலையில் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கசங்காத சட்டை, தணிந்த குரல். அந்தப் பகுதியில் ஒரு கணவன், குளியலறைத் தாழ்ப்பாளின் திருகாணிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவான்.

“அது என் வீட்டுக் கதைங்க,” என்றார். “எழுதினது என் மனைவி. நாலு வருஷமா தேடிட்டிருக்கேன். நல்லாத்தான் எழுதியிருக்கா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். யார் எழுதியது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது என்றாள் மருந்துக்கடைக்காரி.

“பரவாயில்லைங்க. என் மனைவி பேரைச் சொல்லி, நீங்க ஏதோ பரிசு அனுப்பினதாவும் அது வந்து சேரலைன்னும் சொன்னேன். வாசல்ல இருக்கிற பொண்ணு முகவரியைப் படிச்சே காட்டிருச்சு.”

கும்பிட்டுவிட்டுப் போனார். முன்பு ஒருமுறை மின்மினி என்ற புனைபெயர்க்காரிக்கு மருந்து அனுப்பியபோது, உறுப்பினர் பட்டியலில் நிஜப் பெயரோடு மருந்துக்கடைக்காரியே குறித்து வைத்த முகவரி அது. கைப்பேசியில் மின்மினியை அழைத்தாள். அந்த ஆள் வந்துபோனதைச் சொல்லி, உடனே கிளம்பச் சொன்னாள்.

“நேத்தே கேட்டேன்கா. நம்ம அக்கா சொல்லாம போட மாட்டாங்க, இது வேற யாரோ எழுதினதுன்னு நெனச்சு மனசைத் தேத்திக்கிட்டேன்,” என்றாள் மின்மினி. “பிள்ளைக்குப் பரீட்சை நடக்குது.” இணைப்பு அறுந்தது.

மருந்துக்கடைக்காரி அன்றே உள்ளறை முழுவதையும் அழித்தாள். கம்பெனிச் சொத்தில் கை வைத்ததாக நாத்தனார் குதித்தாள். வார முடிவில் பலகையும் இல்லை, மேசையும் இல்லை. ஒன்பதாம் நாள் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது: ‘வேற ஊருக்கு வந்துட்டோம். இனி தேடாதீங்க.’ அதைப் படித்துவிட்டு மருந்துக்கடை அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதாள்.

ஆனால் பன்னிரண்டு பகுதிகளையும் ஏற்கெனவே பதிவு செய்திருந்தார்கள். ஏழாம் பகுதியின் விளம்பரம் வந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டைவிட்டு ஓடிவந்த மின்மினியையும் பிள்ளையையும் இரண்டு மாதம் ஒளித்துவைத்த கணக்கு டீச்சரின் கதை அது. அந்த டீச்சர் யார், எங்கே என்று அவளுக்குத் தெரியாது. கேட்கலாமென்றால் மின்மினியின் எண்கள் இரண்டும் உயிரோடு இல்லை. போலீசில், நடக்காத குற்றத்துக்கு என்ன புகார் என்றார்கள். கடைசியில் நாத்தனாரிடமே போய்க் கெஞ்சினாள்.

“எல்லாரும் காத்திட்டிருக்கிற பகுதியே அதுதான் அண்ணி,” என்றாள் நாத்தனார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அது வெளியானது. மருந்துக்கடைக்காரி வாடிக்கையாளர்களை நிற்க வைத்துவிட்டு, கைப்பேசியைப் பார்த்தபடி இருந்தாள். பத்து நாற்பதுக்கு முதல் கருத்து வந்தது.

‘அருமை. இந்த டீச்சரை எனக்குத் தெரியும்.’